ஃபிரேமின் இணைப்புகளில் மட்டும் பெயிண்ட் சுருங்குகிறது, என்ன தவறு?

துருப்பிடித்தவன்:
வணக்கம். பழைய பைக் ஒன்றை முழுவதும் கழற்றிப் போட்டு, ஃபிரேமுக்கு நானே கறுப்பு எனாமல் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பிரே டப்பாதான், கம்ப்ரஸர் கிடையாது. பழைய பெயிண்டைச் சுரண்டினேன். 80, 180, கடைசியில் 320 உப்புத்தாள் என்று தேய்த்தேன். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பிரைமர் இரண்டு முறை, கறுப்பு மூன்று முறை. அதுவரை எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை, பளபளப்புக்காக மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் அடித்தேன். பத்து நிமிடத்தில் ஹேண்டில் கழுத்தைச் சுற்றியும் வெல்டிங் இணைப்புகளிலும் பெயிண்ட் முதலைத் தோல் போலச் சுருங்கிவிட்டது. நீளக் குழாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டப்பா மோசமென்றால் எல்லா இடத்திலும் சுருங்க வேண்டாமா? போதாக்குறைக்கு, ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) மாட்டும் இடத்தருகே அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள். அடிக்குழாயில் இரண்டு இடங்களில் வழிந்தும் இருக்கிறது. மேலே இன்னொரு பூச்சு கொடுத்தால் மறையுமா, முழுவதையும் சுரண்ட வேண்டுமா?

மூன்றாம் கியர்:
சுரண்டிவிட்டுப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்துவிடுங்கள், பெயிண்ட் தூளைப் படியவைத்து அடுப்புச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பார்கள். கல் தெறித்தாலும் எளிதில் பெயராது. டப்பாவோடு போராடி நான் இழந்த ஞாயிற்றுக்கிழமைகள் கொஞ்சமல்ல.

துருப்பிடித்தவன்:
துரு அரித்த பள்ளங்களில் பட்டி வைத்திருக்கிறேன். அதோடு கொடுக்கலாமா?

மூன்றாம் கியர்:
அப்படியானால் வேண்டாம். அடுப்பில் 180 முதல் 200 டிகிரி வரை சூடு ஏற்றுவார்கள், சாதாரணப் பட்டி அதைத் தாங்காது. நான் சொன்னதை மறந்துவிடுங்கள்.

உப்புத்தாள்:
நண்பரே, ஒரு கேள்வி. கறுப்பை எந்த வரிசையில் அடித்தீர்கள்? முதலில் குழாய்களா, இணைப்புகளா?

துருப்பிடித்தவன்:
முதலில் நீளக் குழாய்கள். பிறகு பார்த்தால் இணைப்புகளின் இடுக்கில் பிரைமர் தெரிந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து இடுக்குகளுக்குத் தனியாக அடித்தேன்.

உப்புத்தாள்:
அங்கேதான் கோளாறு. டப்பாவைக் குறை சொல்ல வேண்டாம். நான்கு குழாய்கள் கூடும் இடத்தில், ஒவ்வொரு குழாய்க்கும் அடிக்கும்போது சிதறுவதும் வந்து படிகிறது. அதற்கு மேல் நீங்கள் தனியாகவும் அடித்தீர்கள். குழாயில் மூன்று பூச்சு என்றால் இணைப்பில் ஆறோ ஏழோ இருக்கும். அவ்வளவு கனத்தில் மேலே ஆடை கட்டிவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். மறுநாள் கிளியரில் உள்ள தின்னர் அந்த ஆடைக்குள் இறங்கி அதை ஊதவைக்கிறது. விரிய இடமில்லாததால் சுருங்கி மடிகிறது.

எனாமலுக்குப் பொல்லாத வேளை ஒன்று உண்டு. நான் பயன்படுத்தும் டப்பாவில் அடுத்த பூச்சுக்கு “ஒரு மணி நேரத்துக்குள், அல்லது 48 மணி நேரத்துக்குப் பிறகு” என்று அச்சிட்டிருக்கிறது. நடுவில் கை வைத்தால் இதே கதைதான். உங்கள் டப்பாவின் முதுகைப் படியுங்கள். பளபளக்கும் கறுப்பு எனாமலுக்கு மேல் கிளியர் எதற்கு என்பது எனக்கு இன்னமும் புரியாத விஷயம், அது வேறு.

மேலே பூசினால் மறையாது, இன்னும் மோசமாகும். சுருங்கிய இடங்களை மட்டும் தின்னர் நனைத்த துணியால் வழித்தெடுங்கள். இப்போதே உப்புத்தாள் போட்டால் பசை போல ஒட்டிக்கொள்ளும். மீதி ஒரு வாரம் காயட்டும். பிறகு வழித்த இடத்தின் ஓரங்களை 320, 400 என்று தேய்த்து, விரலால் தடவினால் படி தெரியாத அளவுக்குச் சரிவாக்கிப் பிரைமர் அடியுங்கள். வழிந்த இடத்தை நன்கு காய்ந்தபின் 600 தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரு கட்டையில் சுற்றித் தேய்த்தால் போதும்.

அந்தக் குழிகளுக்குக் காரணம் எண்ணெய். ஸ்விங் ஆர்ம் பக்கம் செயினுக்குப் போடும் எண்ணெய் தெறித்து ஊறியிருக்கும். மண்ணெண்ணெய் அழுக்கை எடுத்தாலும் தன் பங்குக்கு ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். தேய்ப்பதற்கு முன்பே பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவ வேண்டும். இல்லையென்றால் கிரீஸை உப்புத்தாள் கீறல்களுக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. கடைசியில் பெயிண்டுக்கு முன் துடைக்கும் திரவத்தை ஒரு துணியால் தடவி, அது ஆவியாகும் முன் வேறொரு சுத்தமான துணியால் துடையுங்கள். குழி விழுந்த இடம் வெறும் இரும்பு வரை போகட்டும்.

துருப்பிடித்தவன்:
மிக்க நன்றி ஐயா. மறுபடி அடிக்கும்போது வரிசை எப்படி இருக்க வேண்டும்?

உப்புத்தாள்:
முதலில் ஃபிரேமைக் கம்பியில் தொங்கவிடுங்கள், சுற்றிவர இடம் வேண்டும். முதலில் இடுக்குகள், வெல்டிங் ஓரங்கள், அடிப்பக்கம். அங்கே சிறு சிறு தூறலாக, நனைந்தும் நனையாமலும். நீளக் குழாய்கள் கடைசியில். குழாயின் குறுக்கே வீசாமல் அதன் நீளத்தோடு போங்கள். 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம். உருண்டைக் குழாயில் ஒரு வீச்சு ஒரு பக்கத்தைத்தான் மூடும், பக்கம் மாற்றி மாற்றி மூன்று நான்கு வீச்சு தேவை. முதல் பூச்சில் பிரைமர் தெரிந்தால் தெரியட்டும். அதை அப்போதே மூட நினைப்பவர்களுக்குத்தான் வழிகிறது.

டப்பாவை முன்னதாக வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் தூறல் சீராக வரும். வெந்நீர் கூடாது, வெடிக்கும்.

மூன்றாம் கியர்:
இன்னொன்று. பெட்ரோல் சிந்தினால் சாதாரண டப்பா பெயிண்ட் பலவும் இளகிவிடும். ஹார்டனர் கலந்த டூ-கே வகை தாங்கும். ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு. தூசிக்குப் போடும் முகமூடி அதற்குத் துளியும் உதவாது. உரிய சுவாசக் கவசம் இல்லாமல் தொடாதீர்கள். பேரிங் உட்காரும் இடங்களையும் மரைகளையும் டேப் ஒட்டி மூடுங்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் பட்டியும் வேண்டாம், கனமான பூச்சும் வேண்டாம்.

துருப்பிடித்தவன்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். இணைப்புகளில் சுருக்கம் இல்லை, குழியும் இல்லை. கிளியரை விட்டுவிட்டேன். பைக்கை மாட்டி முடித்துச் சாவி போட்டால் ஸ்டார்ட்டர் மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது. பேட்டரி புதிது.

உப்புத்தாள்:
எர்த் கம்பி மாட்டும் போல்ட்டுக்கு அடியிலும் அழகாகப் பெயிண்ட் அடித்திருப்பீர்கள். சுரண்டிப் பாருங்கள்.

துருப்பிடித்தவன்:
ஓடுகிறது. சுரண்டிய இடம் துருப்பிடிக்காமல் இருக்க, போல்ட்டை முறுக்கியபின் மேலே கிரீஸ் தடவிவிட்டேன்.