பழைய சர்வர் பாகங்களில் எட்டு யு.2 டிரைவ்: ஒன்று மட்டும் அடிக்கடி காணாமல் போகிறது

பழைய_இரும்பு:

வணக்கம். ஆறு மாதமாக ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து, போன வாரம்தான் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் பூட்டி முடித்தேன். புதிதாக வாங்கியது பவர் சப்ளையும் ஃபேன்களும் மட்டும். மீதி எல்லாம் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் உழைத்துக் கழிக்கப்பட்டவை.

உள்ளே இருப்பது: ஏஎம்டியின் சர்வர் பிராசஸர் ஈபிக் 7302பி (16 கோர், 2019-இல் வந்த ரோம் தலைமுறை), ஒற்றை சாக்கெட் போர்டு, 128 ஜிபி ஈசிசி (பிழை திருத்தும்) மெமரி, 3.84 டிபி யு.2 டிரைவ் (சர்வரில் போடும் எஸ்எஸ்டி) எட்டு. டிரைவ்கள் எல்லாம் ஜென்4, அதாவது பிசிஐஇ இணைப்பின் நான்காம் தலைமுறை. பதினாறு லேன் (டேட்டா போகும் தனித்தனிப் பாதை) ஸ்லாட்டில் செருகும் சாதாரண அடாப்டர் கார்டு இரண்டு, ஒரு மீட்டர் ஸ்லிம்சாஸ் கேபிள் நான்கு. ஒவ்வொரு கேபிளும் இரண்டாகப் பிரிந்து இரண்டு டிரைவுக்குப் போகிறது.

ஏன் ஈபிக் என்றால், லேன் கணக்குதான். ஒரு டிரைவுக்கு நான்கு லேன், எட்டுக்கு 32. சாதாரண டெஸ்க்டாப் பிராசஸரில் அதற்கே வழியில்லை. இதில் ஒரே சிப்பில் 128. வாங்கும்போது ஒரே ஒரு பயம் இருந்தது. சில கம்பெனி சர்வர்களில் ஓடிய ஈபிக் சிப், அந்தக் கம்பெனி போர்டோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கும். வேறு போர்டில் போட்டால் உயிரே வராது. அந்தக் கண்டம் தப்பியது.

முதல் நாள் எட்டில் இரண்டுதான் தெரிந்தன. கார்டுக்கு ஒன்று. பயாஸில் அந்த இரண்டு ஸ்லாட்டையும் பதினாறிலிருந்து நான்கு நான்காகப் பிரித்ததும் எட்டும் வந்துவிட்டன. அதுவரை நன்றாக இருந்தது.

இப்போது பிரச்சினை மூன்று.

ஒன்று, ரெய்டு-இசட்2-இல் (இரண்டு டிரைவ் போனாலும் டேட்டா தப்பும் அமைப்பு) டிரைவ்களைச் சேர்த்து ஒரு சோதனை பூல் கட்டி ஸ்கிரப் (எழுதிய டேட்டா முழுவதையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டினால் கர்னல் லாக்கில் அடைமழை. 'கரெக்டட் எரர்', 'பேட் டிஎல்பி' (கெட்டுப்போன டேட்டா பாக்கெட்) என்று மூன்று டிரைவுகளின் பெயரில் வந்துகொண்டே இருக்கிறது. டேட்டா கெடவில்லை, ஆனால் பார்க்கவே வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டு, ஒரு டிரைவ் நான்கு லேனுக்குப் பதில் இரண்டில்தான் இணைகிறது.

மூன்றாவதுதான் பெரிய தலைவலி. சீரியல் எண் 417 என்று முடியும் டிரைவ், தொடர்ந்து எழுதினால் பதினைந்து இருபது நிமிடத்தில் காணாமல் போய்விடும். ரீபூட் செய்தால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வந்து நிற்கும். டிரைவ் செத்துக்கொண்டிருக்கிறதா? ஸ்மார்ட் லாக்கில் (டிரைவ் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவு) 'பர்சன்டேஜ் யூஸ்டு' 15 தான். எழுதிய யூனிட் சுமார் 210 கோடி. மீடியா எரர் பூஜ்யம்.

---

நடுநிசி:

முதலில் ஒரு கேள்வி. நெட்வொர்க் என்ன? 25 கிகாபிட் என்றால் மொத்தமே நொடிக்கு 3 ஜிபி சொச்சம். உங்களிடம் இருக்கும் ஒரே ஒரு டிரைவ் அதை நிரப்பிவிடும். எட்டு எதற்கு?

---

பழைய_இரும்பு:

25 கிகாபிட்தான். வெர்ச்சுவல் மெஷின்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஓடும், அதனால் எல்லாமே நெட்வொர்க் வழியாகப் போகாது. ஆனாலும் நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆசைக்குக் கணக்கு ஏது.

---

கேபிள்_கிறுக்கன்:

நடுநிசி கேட்ட கேள்வியிலேயே உங்கள் முதல் பிரச்சினைக்குப் பாதி பதில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

டிரைவைச் சந்தேகப்படுவதை முதலில் நிறுத்துங்கள். 210 கோடி யூனிட் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு யூனிட் என்பது 512 பைட் அளவில் ஆயிரம், அதாவது 5,12,000 பைட். பெருக்கினால் 1,075 டிபி வரும். 3.84 டிபி அளவு பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு முறை முழுதாக எழுதலாம், ஐந்து வருடத்துக்கு, என்ற ரகம். 3.84-ஐ 365-ஆலும் 5-ஆலும் பெருக்கினால் 7,008 டிபி. அதில் 1,075 என்றால் 15 சதவீதம். லாக் சொல்வதோடு ஒத்துப்போகிறது. இந்த டிரைவ் இன்னும் இளவட்டம்தான்.

எரர் மழைக்கு வருவோம். ஜென்3-இல் ஒரு லேன் நொடிக்கு 8 கிகாடிரான்ஸ்ஃபர், ஜென்4-இல் 16. அதிர்வெண் இரட்டிப்பாகும்போது அதே கம்பியில் சிக்னல் தேய்வதும் கூடும். உங்கள் சிக்னல் போகும் வழியைப் பாருங்கள். சிப்பிலிருந்து போர்டின் தடங்கள், ஸ்லாட், அடாப்டர் கார்டு, ஸ்லிம்சாஸ் கனெக்டர், ஒரு மீட்டர் கம்பி, யு.2 கனெக்டர், பிறகுதான் டிரைவ். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் போய்விடும். ஜென்4-க்கு அரை மீட்டரைத் தாண்டினாலே எனக்குக் கை நடுங்கும். ரீடைமர் (சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் சிப்) இல்லாத சாதாரண கார்டில் ஒரு மீட்டர் கேபிள் என்றால், மீதி ஐந்து டிரைவ் ஒழுங்காக ஓடுவதுதான் ஆச்சரியம்.

'கரெக்டட்' என்றால் கெட்டுப்போன பாக்கெட்டை மறுபடி அனுப்பி வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். டேட்டா கெடாது. ஆனால் எப்போதாவது ஒன்று வருவது வேறு, கொட்டிக்கொண்டே இருப்பது வேறு. இன்றைக்குக் கரெக்டட், நாளைக்கு இணைப்பே அறுந்து போகலாம்.

இரண்டு சோதனை செய்யுங்கள்.

முதலில், எரர் வரும் ஒரு டிரைவையும் வராத ஒரு டிரைவையும் இடம் மாற்றிச் செருகுங்கள். எரர் டிரைவோடு போகிறதா, கேபிளோடு தங்குகிறதா என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: சிஸ்டம் கொடுக்கும் என்விஎம்இ 0, 1, 2 என்ற எண்ணை நம்பி இதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் அது மாறலாம். நான் அதை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நல்ல டிரைவைத் திட்டிக்கொண்டிருந்தேன். சீரியல் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைப் பேப்பர் டேப்பில் எழுதி டிரைவின் நெற்றியில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, பயாஸில் அந்த இரண்டு ஸ்லாட்டையும் ஜென்3-க்கு இறக்குங்கள். மழை நின்றால் சிக்னல்தான் குற்றவாளி. அப்படியே விட்டாலும் பாதகமில்லை. ஜென்3-இல் நான்கு லேன் என்றால் டிரைவுக்கு நொடிக்கு 4 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. எட்டுக்கும் சேர்த்து 31 ஜிபி. உங்கள் நெட்வொர்க் 3. ஜென்4-ஐ இழந்தோமே என்று அழ இங்கே ஒன்றுமில்லை.

ஜென்4 வந்தே ஆக வேண்டும் என்றால் குட்டைக் கேபிள், இல்லை ரீடைமர் உள்ள கார்டு. ரீட்ரைவர் என்று போட்டதை வாங்கி ஏமாறாதீர்கள். அது வருகிற சிக்னலை இரைச்சலோடு சேர்த்துப் பெரிதாக்கும், அவ்வளவுதான். ரீடைமர் சிக்னலை வாங்கிப் படித்துப் புதிதாக எழுதி அனுப்பும்.

இரண்டு லேனில் இணையும் டிரைவ் பெரும்பாலும் கனெக்டர் சரியாக உட்காராததுதான். கழற்றி, தூசி ஊதி, 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள்.

---

பழைய_இரும்பு:

எல்லாம் செய்து பார்த்தேன். எரர் கேபிளோடுதான் தங்கியது. டிரைவ்கள் நிரபராதிகள். ஜென்3-க்கு இறக்கியதும் லாக் வெறிச்சோடிப் போய்விட்டது. நான்கு மணி நேரம் ஸ்கிரப், எழுதுவது, அழிப்பது எல்லாம் ஓட்டினேன். ஒரு வரி எரர் இல்லை.

இரண்டு லேன் பிரச்சினைக்குக் காரணம் கனெக்டருக்குள் மாட்டியிருந்த சின்ன பிளாஸ்டிக் துணுக்கு. டிரைவைக் கழற்றிய யாரோ விட்டுப்போன சீதனம். எடுத்ததும் நான்கு லேன் வந்துவிட்டது.

ஆனால் 417 இன்னும் அதே ஆட்டம்தான் ஆடுகிறது. ஜென்3-இலும் இருபது நிமிடத்தில் மாயம். கேபிளை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. வெப்பநிலை 58 டிகிரி, அதனால் சூடும் இல்லை.

---

நடுநிசி:

கேபிளை மாற்றினேன் என்கிறீர்களே, டேட்டா கேபிளையா, பவரையுமா?

ஸ்மார்ட் லாக்கில் இரண்டு எண்ணைப் பாருங்கள். 'பவர் சைக்கிள்ஸ்', 'அன்சேஃப் ஷட்டவுன்ஸ்'. வெறும் ரீபூட்டில் டிரைவுக்குக் கரண்ட் போகாது, அதனால் பவர் சைக்கிள் ஏறாது. டேட்டா இணைப்பு மட்டும் அறுந்தாலும் ஏறாது. டிரைவுக்கு நிஜமாகவே கரண்ட் போய் வந்தால்தான் இரண்டும் சேர்ந்து ஏறும்.

---

பழைய_இரும்பு:

அண்ணா, கையைக் கொடுங்கள்.

வாங்கிய அன்றே எட்டு டிரைவுக்கும் ஸ்மார்ட் லாக் எடுத்துச் சேமித்து வைத்திருந்தேன். இப்போது ஒப்பிட்டேன். மற்ற ஏழு டிரைவிலும் அன்சேஃப் ஷட்டவுன் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே எண். 417-இல் அன்று 14, இன்று 23. நான் ஒரு முறைகூட ஸ்விட்சைப் பிடுங்கவில்லை. பவர் சைக்கிளும் மற்றவற்றைவிடச் சரியாக ஒன்பது கூடுதலாக ஏறியிருக்கிறது.

பெட்டியைத் திறந்து பார்த்தால் பவர் எப்படிப் போகிறது தெரியுமா? ஒரு சாட்டா பிளக்கிலிருந்து நான்காகப் பிரியும் ஸ்பிளிட்டர். அந்த மாதிரி இரண்டு. 417 அதில் ஒன்றின் கடைசித் தலை. நான்கு டிரைவும் எழுதிக்கொண்டிருக்கும்போது தொட்டுப் பார்த்தேன், முதல் பிளக் வெதுவெதுப்பாக அல்ல, சுட்டது. கழற்றிப் பார்த்தால் 12 வோல்ட் பின் இருக்கும் பக்கம் வெள்ளை பிளாஸ்டிக் டீக்கறை நிறத்துக்கு வந்திருக்கிறது.

---

நடுநிசி:

அதேதான். சாட்டா பவர் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு ஒன்றரை ஆம்பியர். மொத்தம் நாலரை ஆம்பியர், 54 வாட். யு.2 டிரைவ் ஒன்று முழு வேகத்தில் 25 வாட் வரை இழுக்கலாம். ஒரு பிளக்கில் இரண்டு டிரைவ் என்பதே விளிம்பு. நீங்கள் நான்கு தொங்கவிட்டிருக்கிறீர்கள். பழைய சாட்டா எஸ்எஸ்டி சில வாட்டோடு முடித்துக்கொள்ளும், அந்தப் பழக்கத்தில் எல்லோரும் செய்யும் தப்புதான். கடைசித் தலையில் இருப்பவனுக்கு வோல்டேஜ் வந்து சேரும்போது தேய்ந்துபோயிருக்கும், அவன் முதலில் விழுவான்.

பவர் சப்ளையிலிருந்து வரும் தனித்தனி கேபிள்களில் இரண்டிரண்டாகப் பிரித்துப் போடுங்கள். அவசரத்துக்கும் ஸ்பிளிட்டர் வேண்டாம்.

---

கேபிள்_கிறுக்கன்:

சபாஷ் நடுநிசி. நான் டேட்டா கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன், பெயருக்கேற்ற மாதிரி.

அந்த ஸ்பிளிட்டரைச் சும்மா குப்பையில் போடாதீர்கள், இரண்டாகக் கத்தரித்துப் போடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து 'ஒன்று இருந்ததே' என்று நீங்களே தேடி எடுத்து மாட்டுவீர்கள். அனுபவம்.

பூல் பற்றி ஒரு வார்த்தை. எட்டும் ஒரே சர்வரில் ஒன்றாக உழைத்தவை என்றால், ஒன்றாகவே முதுமை அடையும். ஒன்று போய், புதியதில் டேட்டாவை நிரப்பும் நேரத்தில் இன்னொன்று போகலாம். மிரரில் (ஜோடி ஜோடியாக ஒரே டேட்டாவை இரண்டு டிரைவில் வைப்பது) அதே ஜோடியின் துணை போனால் பூல் போச்சு. ரெய்டு-இசட்2 என்றால் எந்த இரண்டு போனாலும் நிற்கும், இடமும் சுமார் 23 டிபி கிடைக்கும். மிரரில் 15 தான். வெர்ச்சுவல் மெஷினின் சின்னச் சின்ன எழுத்துகளுக்கு மிரர்தான் வேகம், மறுக்கவில்லை. நானாக இருந்தால் மிரர் போட்டு, ஜோடிகளைத் தேய்மானம் கலந்து அமைத்து, பேக்கப்பை வேறு பெட்டியில் வைப்பேன். பேக்கப் இல்லையென்றால் ரெய்டு-இசட்2. ஸ்லாக் டிரைவ் (உடனே எழுத வேண்டியதை முதலில் பதிந்து வைப்பது) தனியாக வாங்க வேண்டாம். டேட்டா சென்டர் டிரைவில் கரண்ட் போனால் காப்பாற்றும் கெப்பாசிட்டர் பெரும்பாலும் இருக்கும், உங்கள் மாடலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பழைய_இரும்பு:

பேக்கப் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கில். அதனால் மிரர்தான்.

பவரை நான்கு தனி கேபிளாகப் பிரித்து, கேபிளுக்கு இரண்டு டிரைவ் வைத்தேன். நேற்று இரவு பத்து மணிக்கு எட்டிலும் எழுத ஆரம்பித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலை ஆறரைக்குப் பார்த்தால் எட்டும் இருக்கின்றன. 417-இல் அன்சேஃப் ஷட்டவுன் 23-லேயே நிற்கிறது. பிளக்குகள் தொட்டால் குளிர்ச்சி.

ஸ்பிளிட்டர் இரண்டையும் கத்தரித்தாயிற்று. உள்ளே பார்த்தேன், தலைமுடிக்குக் கொஞ்சம் தடித்த செம்பு இழைகள், எண்ணினால் ஏழு.