2001 பட்டம் யார் கணக்கு? ஸ்டான்ஃபோர்ட் பெண்கள் டென்னிஸ்: பிரென்னனா, ஃபொரூடா?

மூன்றாம்செட்:
பக்கத்துத் திரியில ஒருத்தர் எழுதியிருக்கார்: "லேலே ஃபொரூட் ஜெயிச்சது 10 பட்டம் இல்ல, 9தான். 2001 ஃபிராங்க் பிரென்னனோட அணி, அவர் கணக்குலதான் சேரணும்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. என்சிஏஏ-ல (அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி) ஸ்டான்ஃபோர்ட் பெண்கள் அணிக்கு மொத்தம் 20 பட்டம், ரெண்டு தலைமைப் பயிற்சியாளர்கள் காலத்துல. பிரென்னன் 10: 1982, 84, பிறகு 86லேருந்து 91 வரைக்கும் தொடர்ச்சியா ஆறு, 97, 99. ஃபொரூட் 10: 2001, 02, 04, 05, 06, 10, 13, 16, 18, 19. பிரென்னன் 2000 சீசனோட விலகிட்டார். 2001 இறுதியில வாண்டர்பில்ட்டை 4-0ன்னு சாய்ச்சப்போ தலைமைப் பயிற்சியாளர் யாரு? அதை மட்டும் சொல்லுங்க.

பேஸ்லைன்:
எழுதினது நான்தான், பேர் சொல்லியே கேக்கலாம். யார் உக்காந்திருந்தாங்கங்கறது கேள்வியே இல்ல, யார் கட்டின அணிங்கறதுதான் கேள்வி. கல்லூரி டென்னிஸ்ல அப்போல்லாம் பள்ளிக் கடைசி வருஷத்து நவம்பர்லயே சேர்க்கைக் கடிதத்துல கையெழுத்து வாங்கிடுவாங்க. 2000 செப்டம்பர்ல உள்ள வந்த பொண்ணுகூட பிரென்னன் காலத்துல பேசி முடிச்சவதான். லாரா கிரான்வில் அவர்கிட்ட ஆடி 2000லயே தனிநபர் பட்டம் ஜெயிச்சாச்சு, 2001லயும் ஜெயிச்சா. தொடர்ந்து 58 சிங்கிள்ஸ் ஜெயிச்ச ஆள் இருக்கற அணியை வாரிசாப் பெற்று முதல் வருஷமே கோப்பை தூக்கினதை சாதனைன்னு சொல்லாதீங்க.

மூன்றாம்செட்:
கிரான்வில் எத்தனை பாயின்ட் தர முடியும்? ஒரு அணி ஆட்டத்துல மொத்தம் ஏழு பாயின்ட். ஆறு சிங்கிள்ஸுக்கு ஆறு, மூணு டபுள்ஸும் சேர்ந்து ஒண்ணு. நாலு எடுத்தாத்தான் வெற்றி. அவ தனியா தர்றது ஒண்ணு, டபுள்ஸ்ல ஒரு பங்கு. நாலாவது, அஞ்சாவது, ஆறாவது கோர்ட்தான் (அணியில பலத்தோட வரிசைப்படி அந்தந்த இடத்துல இருக்கறவங்க ஆடறது) பட்டத்தை முடிவு பண்ணும். அந்த ஆட்டக்காரிகளை யாரும் பேப்பர்ல எழுத மாட்டாங்க, பயிற்சியாளர் வேலை அங்கதான் தெரியும். 2001 முடிஞ்சதும் கிரான்வில் தொழில்முறைக்குப் போயிட்டா. அவ இல்லாமலே 2002ல பட்டம் வந்தது. அதுக்கு என்ன பதில்?

இன்னொண்ணு. ஃபொரூட் 13 சீசன் பிரென்னனுக்குத் துணைப் பயிற்சியாளர். 88, 89, 90, 91, 97, 99 ஆறுலயும் அவங்க உழைப்பு இருக்கு. ஆள் சேர்ப்புக்காக ஜூனியர் போட்டிகளுக்கு அலையறதும் துணைப் பயிற்சியாளர்தான். அப்போ உங்க கணக்குப்படி அந்த ஆறுலயும் பங்கு பிரிக்கணுமே, பிரிப்பீங்களா?

நெட்கார்ட்:
ரெண்டு பேரும் டிராவை, அதாவது போட்டியில எத்தனை அணிங்கறதை, மறந்துட்டீங்க. 1982ல என்சிஏஏ பெண்கள் போட்டி ஆரம்பிச்சப்போ 16 அணி, நாலு ஆட்டம் ஜெயிச்சா கோப்பை. ஃபொரூட் காலம் பூரா 64 அணி, ஆறு ஆட்டம் ஜெயிக்கணும்.

பேஸ்லைன்:
முதல் ரெண்டு சுற்றும் முதல் 16 தரவரிசை அணிகளோட சொந்த மைதானத்துலயே நடக்கும் நெட்கார்ட். அங்க வர்ற எதிரணி யாருன்னு பாத்துட்டு வாங்க. பிரென்னன் காலத்துல ஒன்பது பாயின்ட் முறை. சிங்கிள்ஸ் ஆறும் முதல்ல, அப்புறம் மூணு டபுள்ஸுக்கும் தனித்தனிப் பாயின்ட். ஆழமான அணி இல்லாம அதுல ஜெயிக்க முடியாது. இப்போ டபுள்ஸ் ஒரே ஒரு செட், ஆறு கேம். அதோட நோ-ஆட் வேற. 40-40 வந்தா ஒரே பந்துல கேம் முடிஞ்சுடும். 2016ல 15ஆவது தரவரிசையில இருந்து பட்டம் வந்தது அந்த லாட்டரியிலதான்.

மூன்றாம்செட்:
லாட்டரியா? 2013ல 12ஆவது தரவரிசை, டெக்சாஸ் ஏ அண்ட் எம்மை 4-3. அது நோ-ஆட் வர்றதுக்கு முன்னாடி. 2016ல ஓக்லஹோமா ஸ்டேட் 4-3, 2018ல வாண்டர்பில்ட் 4-3. மூணு லாட்டரியும் ஒரே வீட்டுக்கு விழுமா?

நோ-ஆட்ல 40-40 ஆனா எந்தப் பக்கம் வாங்கறதுன்னு ரிசீவர்தான் தேர்ந்தெடுப்பாங்க. அதை ஆட்டக்காரி அந்த நிமிஷம் யோசிச்சா தோல்விதான். எதிராளி நெருக்கடியில இடது கோர்ட்ல வெளிப்பக்கமா சர்வ் போடறாளா, வலது கோர்ட்ல நடுக்கோட்டுக்குப் போடறாளான்னு முதல் செட்லயே பாத்து வெச்சு, கோர்ட் மாறும்போது சொல்லணும். கல்லூரி ஆட்டத்துல பாயின்ட்டுக்கு நடுவுல பயிற்சியாளர் பேசலாம். ஆறு கோர்ட்லயும் ஒரே நேரத்துல ஆட்டம் நடக்கும், ஆனா பயிற்சியாளர் ரெண்டு மூணு பேர்தான். 2-2ல எந்த ரெண்டு கோர்ட்டை விட்டுட்டு எதுல போய் உக்காரணும்? புதுசா வர்றவங்க செய்யற தப்பு, முதல் கோர்ட் நட்சத்திரத்து பக்கத்துலயே உக்காந்துடறது. நாலாவது கோர்ட்ல மூணாவது செட் கைநழுவிப் போயிட்டிருக்கும்.

பேஸ்லைன்:
அப்போ 2011ஐயும் சொல்லுங்க. சொந்த மைதானம், இறுதிப்போட்டி, 3-3. மேலரி பர்டெட் மூணாவது செட்ல 4-0 முன்னிலை. ஃபுளோரிடாவோட லாரன் எம்ப்ரீ அங்கிருந்து எழுந்து ஜெயிச்சா. கோர்ட் தேர்வு பத்தி வகுப்பெடுத்தீங்களே, கடைசியில மிச்சமிருந்ததே ஒரே கோர்ட்தான். அன்னிக்குப் போனது பட்டம் மட்டும் இல்ல, 1999லேருந்து வந்த 184 சொந்த மைதான வெற்றியும் போச்சு. அந்தத் தொடரைத் தொடங்கினது யாரு? பிரென்னன்.

மூன்றாம்செட்:
தொடங்கினது அவர், பதினோரு சீசன் காப்பாத்தினது இவங்க. 2004, 05, 06 மூணு சீசன்ல ஒரு ஆட்டம்கூட தோக்கல. 89 தொடர் வெற்றி. அதுலயும் பிரென்னன் ஆளுங்க இருந்தாங்களா? ஆம்பர் லியு 2003, 04 தனிநபர் பட்டம் ஜெயிச்சவ, முழுக்க ஃபொரூட் கொண்டுவந்தவ. 2001க்கு வாங்க, 2001க்கு.

அல்லி:
பேர் ஃபொரூடா ஃபரூடா? திரி முழுக்க ஒரே மாதிரி எழுதினா தேடறதுக்கு வசதி. அதோட பெண்கள் அணிக்கு எட்டு முழு உதவித்தொகை, ஆண்கள் அணிக்கு நாலரைதான்னு இத்தனை வருஷம் இருந்ததே, அதை ஏன் யாரும் பேசலை? ரெண்டு பேரும் ஜெயிச்சதுக்கு அதுவும் காரணம்.

நெட்கார்ட்:
எட்டு எல்லாப் பெரிய கல்லூரிக்கும்தான் அல்லி. அது ஸ்டான்ஃபோர்டுக்கு மட்டும் எப்படிச் சாதகமாகும்? போன மாசம் ஃபுளோரிடா திரியிலயும் இதையே கொண்டுவந்து போட்டீங்க.

அல்லி:
அங்கயும் நீங்க பதில் சொல்லாம போனீங்க.

பேஸ்லைன்:
2001 பிரென்னன் அணி. நவம்பர் கையெழுத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

மூன்றாம்செட்:
சொல்லியாச்சு, நீங்க படிக்கல. அந்த நவம்பர்ல துணைப் பயிற்சியாளர் யாரு? 13 சீசன்னு மேல இருக்கு. பிரென்னன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, வரிசையா ஆறு ஜெயிச்சவர். அவரோட மகன் ஃபிராங்கி பிரென்னனே ஃபொரூட்கிட்ட வருஷக்கணக்கா துணைப் பயிற்சியாளரா இருந்தார். அந்தக் குடும்பத்துக்கே இல்லாத சண்டை உங்களுக்கு எதுக்கு?

பேஸ்லைன்:
குடும்பத்தை இழுக்காதீங்க. 11-9.

மூன்றாம்செட்:
10-10. 2002க்கு பதில் எங்க?