சின்னப் பிள்ளைகளின் ஓசிடியும் பெரியவர்களின் ஓசிடியும்: எங்கே வேறுபடுகிறது?

மருதம்:
பள்ளி ஆலோசகர் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஓசிடி (வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநலக் கோளாறு) பற்றி ஒரு குறிப்பு தயாராகிறது. பெரியவர்கள் கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் இது எப்படித் தெரியும்? எதை வயதுக்குரிய பழக்கம் என்று விடலாம்?

செங்காந்தள்:
ஓசிடி தொடங்கும் வயது இரண்டு இடங்களில் குவிகிறது: 10 வயதை ஒட்டி ஒன்று, 20களின் தொடக்கத்தில் இன்னொன்று. சிறுவயதில் தொடங்குவது பையன்களிடம் அதிகம். கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போன்ற, தன்னையறியாமல் வரும் அசைவுகளும் (டிக்ஸ்) ஏடிஹெச்டியும் (கவனம் நிலைக்காமை, அளவு மீறிய துறுதுறுப்பு) அவர்களிடம் கூடவே இருக்கலாம். பெரியவர்களிடம் அடிக்கடி சேர்ந்து வருவது மனச்சோர்வு.

ஆனால் நேரில் பார்க்கும்போது பெரிய வித்தியாசம் வேறு. பெரியவர்கள் பலர், "அர்த்தமில்லைன்னு தெரியுது, விட முடியல" என்பார்கள். சின்னப் பிள்ளை "தொடணும்", "சரியா வரல" என்பதோடு நின்றுவிடும். மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடும், சிறு பிள்ளைகளுக்குத் தாங்கள் செய்வதன் நோக்கத்தைச் சொல்ல வராமல் போகலாம் என்கிறது. அதனால் "என்ன நினைக்கிறே?" என்று துருவாதீர்கள். "நடுவுல யாராவது நிறுத்தினா என்ன ஆகும்?" என்று கேளுங்கள், பதில் வரும்.

தூங்கும் முன் அதே கதை, அதே போர்வை என்று மூன்று வயதுக் குழந்தை அடம்பிடிப்பது இயல்பு. அதில் குழந்தைக்கு நிம்மதி கிடைக்கிறது, வளர வளரத் தானே குறையும். ஓசிடியில் நிம்மதி நிலைக்காது; நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், அல்லது படிப்பு, சாப்பாடு, தூக்கத்தைக் கெடுக்கும். வகுப்பில் கவனிக்க வேண்டியவை: அழித்து அழித்துத் தாள் கிழிவது, விடை தெரிந்தும் தேர்வை முடிக்காதது, கழிப்பறையில் நெடுநேரம், வறண்டு வெடித்த கைகள். சோம்பல் என்று திட்டு வாங்குகிற பிள்ளைகளில் சிலர் இவர்கள்தான். இது மாறியே ஆக வேண்டும்.

நெய்தல்:
சிகிச்சையில் பெரிய வேறுபாடு குடும்பம். "அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று பிள்ளை இருபது தடவை கேட்கும், அம்மாவும் இருபது தடவை "ஆகாதுடா" என்பார். அந்தப் பதிலே சடங்கின் (பயத்தைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்வது) ஒரு பகுதியாகிவிடுகிறது. பெரியவர்கள் வீட்டிலும் இது உண்டு, ஆனால் பிள்ளையின் நாள் முழுவதும் பெற்றோர் கையில் இருப்பதால் இங்கே வேர் ஆழம். அதனால் ஈஆர்பி பயிற்சியில் (பயத்தை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருப்பது) பெற்றோரையும் உட்கார வைக்க வேண்டும்.

மருதம்:
பதில் சொல்வதை ஒரேயடியாக நிறுத்தினால் பிள்ளை துடித்துப்போகுமே?

நெய்தல்:
ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. பயங்களைப் பிள்ளையோடு சேர்ந்து 0 முதல் 10 வரை வரிசைப்படுத்தி, 2 அல்லது 3இல் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். ஒரு வாரம் ஒரே ஒரு சடங்கு. இருபது பதில் பத்தாகட்டும், பிறகு ஐந்து. "இது ஓசிடி கேட்கிற கேள்வி, உன்னால சமாளிக்க முடியும்" என்று ஒரே வாக்கியத்தை வீட்டில் எல்லாரும் சொல்ல வேண்டும். அம்மா மறுத்ததும் பாட்டி பதில் சொல்லிவிட்டால் அந்த வாரம் வீண்.

செங்காந்தள்:
மாத்திரை பற்றியும் சேர்த்துவிடுகிறேன். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 7 முதல் 17 வயதுள்ள 112 பேர் இருந்தார்கள். 12 வாரங்களில் நோயின் பிடியிலிருந்து மீண்டவர்கள்: சிபிடியும் (ஈஆர்பியும் அடங்கிய, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை) செர்ட்ரலின் என்ற மாத்திரையும் சேர்ந்து 53.6%, சிபிடி மட்டும் 39.3%, செர்ட்ரலின் மட்டும் 21.4%, போலி மாத்திரை 3.6%. அதனால் லேசான, நடுத்தர நிலையில் பிள்ளைகளுக்கு முதலில் பயிற்சிதான்.

மாத்திரை தொடங்கினால் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். மூன்றாவது வாரமே "கேட்கல" என்று நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முதல் வாரங்களில் எரிச்சல், தூக்கமின்மை, தற்கொலைப் பேச்சு வருகிறதா என்று வீட்டார் கவனித்து, வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: நன்றாக இருந்த பிள்ளைக்கு ஓரிரு நாளில் கடுமையான சடங்குகள் தொடங்கினால், சமீபத்தில் தொண்டைத் தொற்று இருந்ததா என்று குழந்தை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் பக்கத்தில் இல்லாத ஊர் என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணைக் குறிப்பில் போடுங்கள்; தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.