தொண்டோட்டம்: ‘ஓட்டம்’ கடைசியில் நிற்கவேண்டும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

உடற்பயிற்சியையும் தொண்டையும் ஒன்றாய்ச் செய்வதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்வியைப் போட்டுவிட்டு மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்ததற்கு மன்னிக்கவும். வந்த மடல்கள் அனைத்தையும் அச்செடுத்து, பென்சிலால் கோடிட்டு வாசித்தேன். இப்போது ஒரு சொல்லில் மனம் நிலைகொண்டுவிட்டது. ஏன் என்று விரிவாக எழுதுகிறேன். உடன்படாதவர்கள் தயங்காமல் மறுக்கவும்.

புதிதாக இழையில் சேர்ந்தவர்களுக்காகத் தேவையை மறுபடி சொல்லிவிடுகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு சிறு குழு மரைன் டிரைவில் ஓடத் தொடங்கும். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் உண்டு. ஒரு பக்கம் ரயில் பாதையும் கடலும், மறுபக்கம் தொடர்மாடிகள். பம்பலப்பிட்டிப் பக்கம் போய்த் திரும்பும் வழியில் ஏதாவது ஒரு வேலை இருக்கும். தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்கு அரிசி மூட்டை ஏற்றுவது, ஒழுங்கையில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்ப்பது, கால்வாய் கடலில் விழும் இடத்தில் குப்பை அள்ளுவது. வேலை முடிந்ததும் மறுபடி ஓட்டம். தொடர்மாடிகளின் அறிவித்தல் பலகைகளில் ஒட்ட மும்மொழியில் ஒரு தாள் தயாராகிறது. சிங்கள நண்பர், ஊர் கூடிச் சம்பளமின்றிச் செய்யும் வேலையைக் குறிக்கும் ‘சிரமதான’ என்ற சொல்லை வைத்து அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டார். ஆங்கிலமும் ஆயிற்று. தமிழ்ப் பகுதியில் தலைப்பு இருக்கவேண்டிய இடம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் கருத்து நமது கண்டுபிடிப்பு அல்ல. 1990களின் இறுதியில் இங்கிலாந்தில் ‘கிறீன் ஜிம்’ என்று ஒன்று தொடங்கியது. வில்லியம் பேர்ட் என்ற மருத்துவரின் எண்ணம் அது. உடலைச் சூடேற்றும் பயிற்சி, பிறகு மரம் நடுதல், புதர் வெட்டுதல், கடைசியில் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி என்று ஒரு வகுப்பைப்போலவே அதை நடத்துகிறார்கள். 2009இல் ஐவோ கோர்ம்லி என்பவர் லண்டனில் ‘குட்ஜிம்’ தொடங்கினார். ஓடிப்போய் ஒரு முதியவரைப் பார்த்துப் பேசிவிட்டு ஓடித் திரும்புவது அதன் ஒரு கிளை. 2016இல் சுவீடனில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் என்பவர் ஓடிக்கொண்டே குப்பை பொறுக்கும் பழக்கத்தைப் பரப்பினார். பொறுக்குதலுக்கும் மெல்லோட்டத்துக்கும் உரிய இரு சுவீடியச் சொற்களை ஒட்டித்தான் ‘பிளாகிங்’ என்று பெயர் வைத்தார்கள்.

அந்தச் சொல்லையே அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றார் சிங்கப்பூர் நண்பர். எடுத்துக்கொள்ள முடியாது. நம் எழுத்தில் பகரம் ஒன்றுதான். வலைப்பூ எழுதுவதும் ‘பிளாகிங்’, குப்பை பொறுக்கி ஓடுவதும் ‘பிளாகிங்’. தாளைப் பார்ப்பவர் ஞாயிறு காலை மடிக்கணினியோடு வந்து நிற்பார்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயா முன்வைத்த வாதம் என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. சிரமதானம் இருக்க வேறு சொல் எதற்கு என்று கேட்டிருந்தார். வடமொழியில் ‘சிரமம்’ உழைப்பை மட்டும் குறிக்காது, உடற்பயிற்சிக்கும் படைக்கலப் பயிற்சிக்கும் அதுவே சொல் என்று எடுத்துக்காட்டியிருந்தார். அப்படியானால் பயிற்சியும் கொடையும் ஏற்கெனவே ஒரே சொல்லில் கைகோத்து நிற்கின்றன! அழகான கண்டுபிடிப்பு. ஐயாவுக்கு நன்றி.

ஆனால் சொல்லின் வேரில் இருப்பது வேறு, ஊரின் காதில் இருப்பது வேறு. ஏ.ரி. ஆரியரத்ன என்ற ஆசிரியர் 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவர்களைக் கனத்தொலுவக் கிராமத்துக்கு அழைத்துப்போனார். அங்கிருந்து சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. அன்றிலிருந்து இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு ஓர் உருவம் உண்டு. மண்வெட்டி, தாச்சி, ஒரு நாள் முழுக்க வேலை, நடுவில் எல்லோருக்கும் சாப்பாடு. கோயில் திருவிழாவுக்கு முன்னும் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு முன்னும் நாமும் அதைத்தான் செய்கிறோம். அந்தச் சொல்லைத் தாளில் போட்டால் மண்வெட்டியோடு வருவார்கள், ஓடும் சப்பாத்தோடு வரமாட்டார்கள். அறுபது ஆண்டுக்கு மேல் உழைத்து நிரம்பிய சொல் அது. அதைக் காலிசெய்து நம் பொருளை ஊற்றுவது அந்த இயக்கத்துக்கே மரியாதை ஆகாது.

கோயிலைத் துப்புரவாக்கும் ‘உழவாரப்பணி’ கோயில் வீதிக்கு உரியது, அங்கேயே இருக்கட்டும். ‘நடைபவனி’ பணம் சேர்க்கவும் விழிப்புணர்வு ஏற்படுத்தவும் நடப்பது. அதில் நடந்து முடிந்த பின்னும் தெரு முன்பிருந்தபடியே இருக்கும்.

மட்டக்களப்புச் சகோதரி தந்த ‘மெய்த்தொண்டு’ காதுக்கு இனிமையானது. நம் பாடசாலைகளில் ஓட்டம், பாய்ச்சல் போட்டிகளை ‘மெய்வல்லுநர் போட்டி’ என்று சொல்லிப் பழகியவர்களுக்கு மெய் என்றால் உடல் என்று உடனே பிடிபடும். ஆனால் தொண்டோடு சேர்ந்தவுடன் மெய் தன் மற்றப் பொருளுக்குத் தாவிவிடுகிறது. ‘உண்மையான தொண்டு’ என்றே எவரும் படிப்பார்கள். அப்படியானால் மற்றவர்கள் செய்வது பொய்த்தொண்டா என்ற கேள்வி வரும். செஞ்சிலுவைக்காரரும் சாரணரும் அதே பலகையில்தான் தங்கள் தாளை ஒட்டுகிறார்கள். அவர்கள் மனம் நோக நான் உடன்படமாட்டேன்.

‘பயிற்சித்தொண்டு’, ‘தொண்டுப்பயிற்சி’ இரண்டையும் என் அலுவலகத்தில் ஐந்து பேரிடம் காட்டினேன். முதலாவதைப் பயிலுநர்கள் சம்பளமின்றிச் செய்யும் வேலை என்றார்கள். இரண்டாவதைத் தொண்டர்களுக்கு நடத்தும் வகுப்பு என்றார்கள். ஓடுவது ஒருவர் நினைப்பிலும் வரவில்லை.

கடைசியில் களத்தில் நிற்பவை இரண்டு. மதுரை நண்பரின் ‘ஓடுதொண்டு’, என் ‘தொண்டோட்டம்’.

ஓடுதொண்டு நல்ல வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு, ஓடுபாதை வரிசையில் இலக்கணம் பிசகாமல் உட்காருகிறது. ஓடிய தொண்டு, ஓடுகின்ற தொண்டு, ஓடும் தொண்டு என்று முக்காலமும் அதற்குள் அடங்கும். நண்பர் சொன்னது முழுக்கச் சரி. இருந்தும் நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்: தமிழ்த் தொகையில் பெரும்பாலும் கடைசிச் சொல்தான் வீட்டுத் தலைவர். ஊறுகாய் ஒரு காய். ஓடுபாதை ஒரு பாதை. அதுபோல ஓடுதொண்டு ஒரு தொண்டு; ஓடுவது அதற்கு அடை மட்டுமே. தொண்டோட்டம் ஓர் ஓட்டம். நாம் எதைச் செய்கிறோம்?

என் அனுபவத்தில் ‘தொண்டு’ என்று அழைத்தால் முதல் வாரம் நாற்பது பேர் வருவார்கள், படம் எடுப்பார்கள், மூன்றாம் வாரம் நாலு பேர் நிற்பார்கள். ‘ஓட்டம்’ என்று அழைத்தால் முதல் வாரம் பதினைந்து பேர்தான் வருவார்கள். ஆனால் பத்தாம் வாரமும் அந்தப் பதினைந்து பேரில் பன்னிருவர் இருப்பார்கள். தன் உடம்புக்காக எழும்புகிறவர் அடுத்த ஞாயிறும் எழும்புவார். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு நாள் சிரமதானத்தில் அந்தக் கணக்கை முடித்துவிட்டு மறு வாரம் படுத்துக்கொள்ள முடியாது.

வாராவாரம் என்பது நம் வேலைக்கும் உயிர்நாடி. டெங்கு நுளம்பை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். கூரைப் பீலியில் அடைத்த இலை, வீசிய யோகட் கோப்பை, சிரட்டை, பழைய டயர், பூச்சாடியின் அடித்தட்டு இவற்றை இன்று கவிழ்த்துவிட்டு ஒரு மாதம் கழித்து வந்தால் நுளம்பு அதற்குள் பெருகிப் பறந்திருக்கும். ஏழு நாளுக்கு ஒருமுறை அதே ஒழுங்கையால் ஓடுகிறவன் கண்ணுக்குத்தான் அது தப்பாது. பெரிய இயக்கம் எதுவும் வேண்டாம். விடாத ஓட்டம் போதும். நுளம்பை வெல்வது அந்த விடாமைதான். அதனால் சொல்லின் தலைமை இடத்தில் ஓட்டம் நிற்கவேண்டும் என்கிறேன்.

இன்னொரு காரணம் நாலாம் மாடியில் இருக்கிறது. அங்கே ஓர் அம்மா தனியே வசிக்கிறார். பிள்ளைகள் மூவரும் கனடாவில். வெள்ளவத்தையில் எத்தனை கதவுகளுக்குப் பின்னால் இதே கதை என்று நம் குழுமத்தில் உள்ளவர்களுக்குத் தெரியும். மின்தூக்கி வேலை செய்யாத நாளில் எரிவாயு சிலிண்டரை மேலே கொண்டுபோவோம். வாயு மட்டும் 12.5 கிலோ, இரும்பின் எடை வேறு. ஒருவர் தோளில், அடுத்த மாடியில் மற்றவர் தோளில், அஞ்சலோட்டத்தில் கோல் மாற்றுவதுபோல மாற்றிக்கொண்டு ஏறுவோம். முதல் இரண்டு வாரம் அம்மாவுக்குக் கூச்சம். கதவைப் பாதி திறந்து, ‘உங்களுக்கு ஏன் தம்பி இந்தக் கரைச்சல்’ என்பார். ஐம்பது ரூபாத் தாளைக் கையில் திணிக்கப் பார்ப்பார்.

மூன்றாம் வாரம் எங்களில் ஒரு பெண் சொன்னாள், ‘அம்மா, எங்களுக்கு இந்தப் படிதான் பயிற்சி. எத்தனை நிமிடத்தில் ஏறுகிறோம் என்று நீங்கள் பார்த்துச் சொல்லவேண்டும்.’ அன்றைக்குப் பிறகு அம்மா பல்கனியில் நிற்கிறார். கையில் மணிக்கூடு. நாங்கள் கேற்றுக்குள் நுழைந்ததும் எண்ணத் தொடங்குவார். போன ஞாயிறு, ‘இரண்டு நிமிடம் பிந்திவிட்டீர்கள், யார் நின்று கதைத்தது’ என்று கேட்டார். கதைத்தது நான்தான்.

குட்ஜிம்மில் ஓடிப்போய்ப் பார்க்கப்படும் முதியவரைப் ‘பயிற்றுநர்’ என்றே அழைத்தார்கள். அவர் காத்திருப்பதால்தான் இவர் ஓடுகிறார் என்பது அவர்கள் கணக்கு. அதை வாசித்தபோது நல்ல யோசனை என்று மட்டும் நினைத்தேன். அம்மாவின் மணிக்கூட்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவர் வீட்டுச் சுவரில் கோயில் நாட்காட்டி தொங்குகிறது. ஒவ்வொரு ஞாயிறுக் கட்டத்திலும் நீலப் பேனையால் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறார்: ‘ஓட்டம்’. ‘உதவி’ என்றோ ‘தொண்டு’ என்றோ அவர் எழுதவில்லை.

இனிச் சொல்லின் வடிவம். தொண்டு குற்றியலுகரச் சொல். ஓட்டம் வந்ததும் உகரம் கெட்டுத் தொண்டோட்டம் ஆகிறது. உச்சரிக்கும்போது ‘தொண்டோடு ஓட்டம்’ என்பதும் காதில் கேட்கும். இரண்டும் ஒன்றாய் நிகழ்கின்றன என்ற பொருள் அதில் தானாகவே விழுகிறது. அஞ்சலோட்டம் நம் பிள்ளைகள் நாவில் இருப்பதால் இதுவும் விரைவில் பழகிவிடும்.

ஆளுக்குப் பெயர் கிடைக்காத கலைச்சொல் பாதிச் சொல்தான். இங்கே அதுவும் கிடைக்கிறது: முன்னோடி, நாடோடிபோலத் தொண்டோடி. குப்பை பொறுக்கி ஓடுவதற்குத் துப்புரவோட்டம் என்று தனிப்பெயர் வைக்கலாம். ‘பொறுக்கு’ என்று தொடங்கினால் வசைச்சொல்லின் நிழல் விழும், அதைத் தவிர்த்தேன். ஓட முடியாத மூத்தவர்களுக்குத் தொண்டுநடை.

எரிவாயு சிலிண்டர் தூக்குவது ஓட்டமா, மணலில் குந்தி எழுவது ஓட்டமா என்று வவுனியா நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, பருப்பளவான பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கின. பின்னர் அந்த மணலைச் சல்லடையில் அரித்தவர்களில் நானும் ஒருவன். நின்ற இடத்தில் செய்த வேலைதான். மறுநாள் தொடை பிடித்துக்கொண்டது. ஆனால் தமிழில் ஓட்டம் கால்களோடு நின்றுவிடவில்லை. நீரோட்டம், தேரோட்டம், வெள்ளோட்டம் எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணோட்டம். இன்று அதற்குப் பார்வை என்று பொருள் கொள்கிறோம். குறளின் 58ஆம் அதிகாரத்தில் கண்ணோட்டம் என்றால் இரக்கம். பிறர் துன்பத்தின் பக்கம் கண் ஓடுவதையே இரக்கம் என்று பெயரிட்ட மொழி இது. அந்த மொழியில் தொண்டோட்டம் என்ற சொல் அந்நியமாக நிற்காது என்று நம்புகிறேன்.

தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வலுவான மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். ஓடுதொண்டை விட மனமில்லாதவர்கள் அதற்கு ஆள்பெயர் என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இப்போதைக்குத் தமிழ்ப் பகுதி இப்படி இருக்கிறது:

‘தொண்டோட்டம். ஞாயிறு காலை 5.45. வெள்ளவத்தை, மரைன் டிரைவ். ஓடலாம், நடக்கலாம். வழியில் ஒரு வீட்டில் அல்லது ஒழுங்கையில் அரை மணி நேர வேலை. தண்ணீர்ப் போத்தலும் ஒரு பழைய துவாயும் கொண்டுவரவும். வீட்டில் பாரம் ஏற்றவோ இறக்கவோ ஆள் தேவைப்படும் மூத்தவர்கள் காவலாளியிடம் சொல்லிவைக்கவும். நேரம் பார்த்துச் சொல்ல மணிக்கூடு ஒன்று வைத்திருக்கவும்.’

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து