கோஹால தமிழ் புத்தகம் தேடினா வரல, அவசரம்

அலமாரி77: எங்க காலேஜ் லைப்ரரில கோஹான்னு நூலக சாஃப்ட்வேர் ஓடுது. இங்கிலீஷ் புத்தகம் டக்குனு வருது, தமிழ்ல தேடினா ஒண்ணுமே வரல, புத்தகம் ரேக்ல கண்ணு முன்னாடி இருக்கு. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன், யாராவது சொல்லுங்க ப்ளீஸ்

டெபியன்காரன்: எந்த வெர்ஷன்? உள்ள தேடித் தர்ற இன்ஜின் ஜீப்ராவா எலாஸ்டிக்சர்ச்சா? ஒண்ணுமே சொல்லலையே

ராத்திரிஷிப்ட்: ஜீப்ரா நின்னுருக்கும் சார், ரீஸ்டார்ட் பண்ணுங்க. எனக்கு மூணு தடவ இதான் ஆச்சு

மார்க்21: நின்னுருந்தா இங்கிலீஷ் மட்டும் எப்படி வரும்? கேள்விய படிச்சுட்டு பதில் போடுங்க. ஜீப்ராவோட டீபால்ட் இண்டெக்ஸ் ஃபைல்ல சிஎச்ஆர் (இங்கிலீஷ் மாதிரி எழுத்துக்கான பட்டியல்) வரிய எடுத்துட்டு ஐசியு (தமிழ் மாதிரி யூனிகோடு எழுத்தையும் படிக்கறது) வரிய போடணும், அப்புறம் முழு ரீஇண்டெக்ஸ், அதாவது தேடல் பட்டியல மறுபடி கட்டணும். மேனுவல்லயே இருக்கு, படிக்கத்தான் ஆள் இல்ல

அலமாரி77: ஜீப்ராதான். ஐசியு மாத்திட்டேன். நேத்து நான் அடிச்ச 12 புத்தகம் வருது, பழசு வரல

மலர்விழி: பழசு எதுல அடிச்சது? ரெக்கார்டு உள்ள தலைப்பு எப்படி தெரியுது?

அலமாரி77: முன்னாடி இருந்தவர் எக்ஸல்ல அடிச்சது. எக்ஸல்ல தமிழ் நல்லா தெரியுது மேடம். கோஹால திருக்குறள் இருக்க வேண்டிய எடத்துல ஜே, பி, யு, எஃப்னு இங்கிலீஷ் எழுத்து, நடுவுல செமிகோலன்

மலர்விழி: அது பாமினிங்கற பழைய ஃபான்ட்ல அடிச்சது. ஃபான்ட் மட்டும்தான் தமிழ், உள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்து, ஐசியு என்ன பண்ணும் பாவம். என்எச்எம் கன்வர்ட்டர்ல யூனிகோடுக்கு மாத்துங்க. தமிழ் வரிய மட்டும் தனியா பிரிச்சு மாத்துங்க, இங்கிலீஷ் தலைப்பும் சேந்து போச்சுன்னா அது கெட்டுரும். திரும்ப ஏத்தும்போது பிப்லியோநம்பர (ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் கோஹா குடுக்கற நம்பர்) வெச்சு பழைய ரெக்கார்டு மேலயே ஏத்துங்க, இல்லேன்னா எல்லாம் ரெண்டு ரெண்டா நிக்கும். அதுக்கு முன்னாடி பேக்கப்!

சேலத்தான்: இதுக்குத்தான் ஓசி சாஃப்ட்வேர் வேணாங்கறது. காசு குடுத்து வாங்கினா போன் போட்டா ஆள் வருவான்

மார்க்21: பாமினி தப்புக்கு கோஹா என்ன பண்ணும்? ஓசி வேற, கட்டற்றது வேற. மத்திய அரசோட என்ஐசி, இ-கிரந்தாலயாங்கற நூலக சாஃப்ட்வேர அரசு நூலகத்துக்கு சும்மாதான் தர்றாங்க, ஆனா சோர்ஸ் கோடு கைக்கு வராது. கோஹா ஜிபிஎல் லைசென்ஸ், யாரும் கோட பாத்து மாத்திக்கலாம். நியூசிலாந்துல ஹோரோவெனுவா நூலகத்துல பழைய சிஸ்டம் 2000-ம் வருஷத்த தாண்டாதுன்னு ஆனப்ப எழுதி, அந்த ஜனவரில ஓட விட்டு, எல்லாருக்கும் திறந்து குடுத்தாங்க

சேலத்தான்: வரலாறு சரிங்க, ராத்திரி சர்வர் படுத்தா யார கூப்பிடறது?

மலர்விழி: காசு குடுத்து ஆள் வெச்சுக்கலாமே அண்ணா, கோஹாவுக்கு சப்போர்ட் பண்றவங்க இருக்காங்க. நாங்க காசு குடுத்து வாங்கினதுதான், கம்பெனிய மூடிட்டாங்க, டேட்டா அவங்க ஃபார்மட்லயே மாட்டிக்கிச்சு. அத்தன புத்தகத்தயும் ரேக்ல இருந்து ஒவ்வொண்ணா எடுத்து தலைப்புப் பக்கத்த பாத்து மறுபடி அடிச்சோம், ரெண்டு லீவு அதுலயே போச்சு. அந்த நிலம இன்னொரு நூலகத்துக்கு வரக் கூடாது

அலமாரி77: மாத்தியாச்சு, திருக்குறள் 14 காப்பியும் வருது. மலர் மேடத்துக்கு ரொம்ப நன்றி. இன்னும் நாவல் ரேக் பாக்கி இருக்கு, போறேன்