புதுப்பிப்பு: முல்லைத்தீவு ஊர்க் கண்காட்சி – இரவல் பொருட்களும் உளுவும்

பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: ஊர் வீடுகளில் கடகம், சுளகு, மரக்கால், கலப்பை எல்லாம் இரவல் வாங்கும்போது நம்பிக்கை கெடாமல் எப்படி வாங்குவது, மரத்தையும் ஓலையையும் அரிக்கும் பூச்சியான உளு இருந்தால் என்ன செய்வது?

இரட்டைப் பற்றுச்சீட்டு யோசனைதான் சரிவந்தது. ஒன்று வீட்டாருக்கு, மற்றது எங்களுக்கு. பொருளின் படம், ஏற்கெனவே உள்ள வெடிப்பு, திருப்பும் திகதி மூன்றும் கட்டாயம். பழைய வெடிப்பைக் குறிக்காவிட்டால் பிறகு வாக்குவாதம்தான்.

உளுவுக்கு டீப் பிறீசர். பொலித்தீனில் சுற்றி, காற்றை வெளியேற்றி, இறுக ஒட்டி, −18 பாகை செல்சியஸில் 2 கிழமை. வெளியே எடுத்ததும் பொதியைப் பிரிக்கக்கூடாது. 24 மணிநேரம் அப்படியே கிடக்கட்டும். அவசரப்பட்டால் பொருளிலேயே ஈரம் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். கலப்பை பிறீசருக்குள் அடங்காது. அதைத் தனியே வைத்து, அடியில் கறுப்புக் கடதாசி விரித்தோம். புதிதாக மாப்போல மரத்தூள் விழுந்தால் உளு உயிரோடு இருக்கிறது. மண்ணெண்ணெய் பூசச் சொன்னவர்கள் மன்னிக்க: கறையும் மணமும் லேசில் போகாது.

எதிர்பாராதது ஒன்று: வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் நெருங்க, பித்தளைப் பாத்திரங்களைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்துவிட்டு அந்த இடத்தில் படத்தை வைத்தோம். திருப்பும் திகதியைக் கோயில் நாட்களைப் பார்த்தே எழுதுங்கள்.