அபுதாபி ஆங்கிலிக்கன் சபையில ஒரு வருஷம் எப்படிப் போகும்? இருக்கவங்க சொல்லுங்களேன்

பாளை_மேரி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க வீட்டுக்காரருக்கு அபுதாபில வேலை கிடைச்சிருக்கு, ஆகஸ்ட் கடைசில குடும்பமா போறோம். நாங்க பாளையங்கோட்டை சிஎஸ்ஐ, அதான் தென்னிந்தியத் திருச்சபை, பிறந்ததுல இருந்து ஒரே சபை, தாத்தா காலத்து பெஞ்சுலயே உக்காந்து பழகிட்டேன். அங்க தமிழ் ஆராதனையும் உண்டுன்னு சொன்னாங்க, ஆனா பிள்ளைங்க ரெண்டும் இங்கிலீஷ் மீடியம், அதனால முஷ்ரிஃப் ஏரியாவுல இருக்க செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆங்கிலிக்கன் சர்ச்சோட (இங்கிலாந்து திருச்சபை வழி வந்தது) இங்கிலீஷ் ஆராதனைக்கே போகலாம்னு யோசிக்கிறோம். எங்களுக்கு அங்க திருவிருந்து, அதான் அப்பமும் ரசமும், தருவாங்களா? ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள், அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ் கீதபவனி இதெல்லாம் இருக்குமா? வெள்ளைக்காரங்க சபையில போய் ஓரமா நிக்கிற மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு.

முஷ்ரிஃப்_வாசி:
சிஸ்டர், திருவிருந்து பத்தி கவலையே வேண்டாம், 1947ல சிஎஸ்ஐ உருவானப்போ நம்ம ஊர் ஆங்கிலிக்கன் சபைகளும் அதுல சேர்ந்தது தானே, இப்ப சிஎஸ்ஐயும் உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்துல ஒண்ணு, தைரியமா முன்னால போங்க. வெள்ளைக்காரங்க சபைங்கிறதும் பழைய கதை, ஒரே பெஞ்சுல நைஜீரியா, கென்யா, கேரளா, இங்கிலாந்துன்னு உக்காந்திருப்பாங்க.

நான் 11 வருஷமா இங்க இருக்கேன். எனக்குத் தெரிஞ்சு இந்த சபைக்கு வருஷம் பிறக்குறது செப்டம்பர்ல தான், ஜனவரில இல்ல. ஸ்கூல் திறந்து லீவு போனவங்க திரும்பி புதுசா வந்தவங்களும் சேர்ந்து முழிச்சுட்டு நிப்பாங்க, நீங்களும் அப்ப வந்து நிப்பீங்க, அது நல்ல நேரம். அப்புறம் அறுப்பின் பண்டிகை. ஆனா நம்ம ஊர் மாதிரி வாழைத்தாரும் கோழியும் ஏலம் விடறது, அசன விருந்துன்னு எதிர்பாக்காதீங்க. டிசம்பர் 2 இந்த நாட்டோட தேசிய தினம், அந்த லீவும் அட்வெந்தும் (கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம்) அநேகமா சேர்ந்தே வரும். கிறிஸ்துமஸுக்கு அரசு லீவு கிடையாது, ஆபீஸ்ல லீவு போட்டுட்டு தான் வரணும். கீதபவனின்னு தெருத்தெருவா போக முடியாது, பாட்டெல்லாம் காம்பவுண்டுக்குள்ள தான். ஒன்பது வேதபாடங்களோட ஒரு கீத ஆராதனை இருக்கும், 1880ல இங்கிலாந்துல ட்ரூரோங்கிற ஊர்ல ஆரம்பிச்ச முறை, உலகத்துல நிறைய ஆங்கிலிக்கன் சபைகள்ல அது உண்டு.

லெந்து நாட்கள் தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சர்ச்சுக்குப் பக்கத்துலயே ஒரு மசூதி, 2017ல அதுக்கு ஈசாவோட, அதாவது இயேசுவோட, தாய் மரியம் மசூதின்னு பேர் மாத்தினாங்க. 2025ல ரமலான் மார்ச் 1ல ஆரம்பிச்சது, லெந்து தொடங்குற சாம்பல் புதன் மார்ச் 5, நெத்தில சாம்பலோட வெளிய வர்றேன், பக்கத்துல நோன்பு திறக்க பாங்கு சொல்றாங்க, அந்த சாயங்காலத்த நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

2022 ஜனவரில வீக்கெண்ட் சனி ஞாயிறுன்னு மாறினதுக்கு முன்னால வெள்ளிக்கிழமை தான் பெரிய ஆராதனை, ஈஸ்டர் ஞாயிறு அன்னைக்கு காலைல சர்ச், அப்படியே ஆபீஸ். இப்ப அந்தக் கஷ்டம் இல்ல.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், ஜூன் மாசம் மனச திடப்படுத்திக்கோங்க. ஸ்கூல் மூடுற சமயம் வந்தா ஞாயித்துக்கிழமை தோறும் யாராவது ஊரை விட்டுப் போறாங்க, முன்னால கூப்பிட்டு தலைல கை வச்சு ஜெபம் பண்ணி அனுப்புவாங்க. இங்க விசா பெரும்பாலும் வேலையோட ஒட்டினது, வேலை போனா கிளம்பணும், ரிட்டயர் ஆனாலும் அநேகமா கிளம்பணும், அதனால நம்ம சபை மாதிரி கம்பு ஊணிட்டு வர்ற பாட்டிங்க கூட்டம் கிடையாது, சர்ச்ச ஒட்டி கல்லறைத் தோட்டமும் கிடையாது. என் பையனுக்கு சண்டே ஸ்கூல்ல பாடம் எடுத்தவங்க 4 வருஷத்துல 5 பேர். ஒவ்வொருத்தரையும் அழுதுட்டே தான் அனுப்பினான்.

மனாமா_ராஜன்:
நான் பஹ்ரைன்ல செயின்ட் கிறிஸ்டோபர் பேராலயத்துக்குப் போறேன், 1953ல கட்டினது. நீங்களும் நாங்களும் ஒரே பிஷப்புக்குக் கீழ இருக்க ஒரே திருமண்டலம் தான் சிஸ்டர், சைப்ரஸ் வளைகுடா திருமண்டலம், 1976ல உருவானது, ஈராக்கும் ஏமனும் கூட இதுக்குள்ள தான். எங்களுக்கு இன்னும் வீக்கெண்ட் வெள்ளி சனி தான், அதனால வெள்ளிக்கிழமை தான் கூட்டம் நிறைய.

மேல சொன்னதுல நவம்பர் விட்டுப்போச்சு. 1918 நவம்பர் 11 முதல் உலகப்போர் ஓஞ்ச நாள், அதை ஒட்டின ஞாயிறு, போர்ல செத்தவங்க நினைவா சிவப்பு பாப்பி பூ குத்திட்டு ரெண்டு நிமிஷம் அமைதியா நிப்பாங்க. நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு முதல் வருஷம் நான் பின்னால நின்னேன். அந்தப் போர்ல மெசபடோமியாவுல, அதான் இப்போதைய ஈராக்ல, செத்தவங்கள்ல நம்ம இந்தியச் சிப்பாய்ங்க அவ்வளவு பேர்னு அப்புறம் தான் படிச்சேன், இப்ப முன் வரிசையில நிக்கிறேன்.

அப்புறம் ஒரு யோசனை, வந்த மாசமே ஏதாவது ஒரு வேலைய எடுத்துக்கோங்க, டீ ஊத்துறதோ வேதபாடம் வாசிக்கிறதோ. எல்லாரும் போய்ட்டே இருக்கற சபைல ஆள் தேவை எப்பவும் இருக்கும், ரெண்டாம் வருஷமே நீங்க பழைய ஆளு.

கோபன்ஹேகன்_தமிழன்:
கோபன்ஹேகன்ல இருக்க எங்க செயின்ட் ஆல்பன்ஸ் ஆங்கிலிக்கன் சர்ச் 1887ல பிரதிஷ்டை ஆனது, டென்மார்க் இளவரசி அலெக்சாண்ட்ரா இங்கிலாந்துக்கு மருமகளா போனவங்க, அந்தக் குடும்பம் முன்ன நின்னு கட்டினது. இங்க டிசம்பர்ல நாலு மணிக்கு முன்னாலயே இருட்டிடும், அட்வெந்து மெழுகுவத்திய ஒண்ணொண்ணா ஏத்துறதுக்கு அர்த்தமே இங்க வந்து தான் எனக்குப் புரிஞ்சது. ஐரோப்பாவுல இருக்க ஆங்கிலிக்கன் சபைங்க ஆயர் சம்பளத்துல இருந்து கரண்ட் பில் வரைக்கும் தாங்களே பாத்துக்கணும், அதனால காணிக்கை போக விற்பனை விழா, கேக், பழைய புக்குன்னு ஓடிட்டே இருக்கணும். அந்த மேஜைக்குப் பின்னால நின்னு தான் எனக்கு இங்க சொந்தக்காரங்க கிடைச்சாங்க.

பாளை_மேரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஜூன் பத்தி படிச்சப்போ கண்ணு கலங்கிடுச்சு. மூத்தவ இங்க பாடகர் குழுல ஆல்டோ பாடுறா, செப்டம்பர் முதல் ஞாயிறே அவள கூட்டிட்டு வர்றேன். அந்த டீ மேஜைல எனக்கும் ஒரு இடம் வைங்க அண்ணே.